வயிற்றுப்போக்கு இல்லாத சந்து

காலை எட்டு மணி. மும்பை மாட்டுங்காவில் தங்கியிருந்த விடுதிக்குக் கீழே இட்லி சாப்பிட்டுவிட்டு டாக்சி பிடித்தேன். தாராவி தொண்ணூறு அடி சாலை ஒன்றரை கிலோமீட்டர்தான், முப்பத்தொரு ரூபாய். மழையில் நடக்கத் தெம்பில்லை. டிரைவர் தமிழர். என் டேப்லெட்டைப் பார்த்து, "சர்வேயா மேடம்? எங்க கோவண்டிக்கும் வருவாங்க. கேட்டுட்டுப் போவாங்க, அவ்ளோதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று சீட்டுக் குலுக்கி, பாதிச் சந்துகளுக்குக் குடிநீர் வடிகட்டி கொடுத்திருந்தது. மீதிச் சந்துகளுக்குக் கேள்விகள் மட்டும். வடிகட்டி உள்ள பக்கம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவு என்று தெரிந்தால், மீதிச் சந்துகளுக்கும் கிடைக்கும். அப்படி ஒரு கேள்விச் சந்தில் மூன்றாவதும் கடைசியுமான சுற்றுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தேன். முந்தைய இரண்டு நாளில் கேட்ட எல்லா வீட்டிலும் ஒரே பதில், "இல்லை". சாக்கடையைத் தாண்டித்தான் குழாய்க்கே போக வேண்டிய சந்தில் இது எப்படி என்று எரிச்சலாக இருந்தது.

பத்து மணிக்குக் கடைசி வீடு. செல்வி, முப்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தரை கழுவி, புதுச் சேலை கட்டிக் காத்திருந்தாள்.

"ரெண்டு வாரத்துல பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்துச்சா?"

"இல்லக்கா."

அவள் முதுகுக்குப் பின்னால் பாயில் ஐந்து வயது மகள் சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், பாதிக் கரைசலோடு ஒரு தம்ளர். நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி தலையைக் குனிந்தாள்.

"மூணு நாளா போகுதுக்கா. சொன்னா, இதுங்க கந்தா ஆளுங்க, அழுக்குப் பிடிச்சதுங்க, மெஷினு குடுத்தாலும் பாழாக்கிரும்னு எழுதிருவியள்லா? சுத்தமா இருக்க வீட்டுக்குத்தான குடுப்பாக. சந்துல எல்லாரும் பேசி வச்சுத்தான் சொல்லுதோம்."

விதிப்படி நான் எதுவும் விளக்கக் கூடாது. விளக்கினேன். இங்கே நோயை மறைத்தால் வடிகட்டி உள்ள சந்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது, வடிகட்டியால் பயனில்லை என்றுதான் ஆகும், எனக்காவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவள் தம்ளரில் இருந்த மீதிக் கரைசலை மகளுக்குப் புகட்டினாள். பிறகு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் ஐந்து ரூபாய் ரயில் டிக்கெட் எடுத்துச் செம்பூரில் எங்கள் சர்வே அலுவலகம் போனபோது மணி பன்னிரண்டு. மேலாளர் மாட்டுங்காவிலேயே வளர்ந்தவர், தன்மையானவர். செல்வி சொன்னதை என்னிடம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு சுத்துலயும் இல்லைன்னுதானே இருக்கு. ஒரு வீட்டுக்காக எப்படி மாத்தறது, சொல்லுங்கோ. இன்னியோட சர்வே முடிஞ்சுடுத்து. வித்தியாசம் இல்லைன்னா அடுத்த கட்டம் கிடையாது."

கத்தினேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் "ஆம்" என்று பதிந்து அனுப்பினோம்.

மறுநாள் மதியம் தாதரில் சென்னை ரயில் ஏறினேன். என் வீட்டுச் சமையலறையில் வடிகட்டி இருக்கிறது, அது தேவையா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. தாணே தாண்டும்போது செல்வி கூப்பிட்டாள்.

"அக்கா, சந்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். இனி ஒருத்தரும் மறைக்க மாட்டாக. எப்ப வந்து கேப்பிய?"

சீக்கிரம் வருவோம் என்றேன்.