அப்பாவுக்கு ஒதுக்கிய இடம்

என் அண்ணன் எங்கள் அப்பாவின் குழியை விற்றுவிட்டான். இப்போது அவன் என் போனை எடுப்பதில்லை. ஊர்க்காரர்கள் படிக்கிற இதழில் எழுதினால் நாலு பேராவது அவனிடம் காட்டுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். இந்த நாட்டில் கல்லறைக்குக் காலக்கெடு உண்டு. இருபது, இருபத்தைந்து வருடம். கெடு முடிந்தால் கல்லின்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அலுவலகத்துக்கு வரவும் என்று. யாரும் போகாவிட்டால் கல்லைப் பெயர்த்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். வந்த புதிதில் அது எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போது இல்லை. இவர்கள் முன்கூட்டியே எழுதியாவது ஒட்டுகிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வந்திருந்தார்கள். லீவு போட்டு, காரில் ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைக்கிராமங்களுக்குக் கூட்டிப்போனேன். அம்மா ஜன்னலோரம் இருந்து, "எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆளுகள எங்க மக்களே, ஒளிச்சு வச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பெட்ரோல் பங்கில் நின்றபோது சித்தப்பா மகள் படம் அனுப்பினாள். புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் விளை, அப்பாவின் தோட்ட நிலம். ரப்பரும் பலாவும் இல்லை. தரை மட்டமாகி, பாதிவரை இன்டர்லாக் கல் பதித்திருந்தது. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துமிடம்.

நாங்கள் அய்யாவழிக்காரர்கள். செத்தவரை எரிப்பதில்லை. வடக்கு பார்த்துச் சம்மணமிட்டு இருத்தி, திருநாமம் இட்டு மண் மூடுவோம். தருமயுகம் பிறக்கும்போது எழும்ப வேண்டியவர்கள். எங்கள் வீட்டு வழக்கத்தில் மேலே கல்லும் இல்லை, பெயரும் இல்லை. தாத்தா அந்த விளையில் அப்படித்தான் இருக்கிறார். அவருக்கு வலப்பக்கத்தை அப்பா தனக்கென்று விட்டிருந்தார், ஒரு வாழைகூட நடாமல்.

விசாவுக்கு அலைந்த வாரத்தில், தான் ஊரில் இல்லாதபோது ஏதாவது தேவை வரும் என்று அப்பா அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். வந்த தேவை இதுதான்.

பங்கின் பின்பக்கம் போய் அவனுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, அங்க என்ன இருக்கு? வெறும் மண்ணு. ஒரு கல்லு உண்டா, பேரு உண்டா? நீ வாயப் பொத்திட்டு அங்க வெள்ளக்காரக் கெழவனுக்குக் குண்டி கழுவு. இங்கத்த காரியம் எனக்குத் தெரியும்" என்றான். அதுதான் கடைசியாக எடுத்த போன்.

அடுத்த கிராமத்தில் அம்மாவுக்குக் கழிப்பறை தேடி ஒரு தேவாலயத்தில் நிறுத்தினேன். அப்பா கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விட்டார். ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கல்லின் முன்னால் கிழவர் ஒருவர் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவியின் கல்லறை. அப்பா விவரம் கேட்டார், சொன்னேன்.

"செத்தவளுக்கும் வாடகையா? நமக்கு அந்தக் கேடு இல்ல, கேட்டியா. எங்கப்பன் பக்கத்துல எனக்கு எடம் கெடக்கு. யாரு வந்து எழும்பச் சொல்லுவா?"

மடியிலிருந்த திருநாமப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு நுள்ளு வெள்ளைப் பொடியை அந்த மண்ணில் தூவினார். கிழவர் என்னைப் பார்த்து, "டூங்கர்?" என்றார். உரமா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். நன்றி சொல்லி, அதன்மேல் தண்ணீர் விட்டார். அப்பா அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் போனைப் பையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரில் ஏறியதும் அப்பா சொன்னார்: "மக்கா, நீ இங்க கெடந்துராத. எனக்கப் பக்கத்துல உனக்கும் எடம் உண்டு." பதினோரு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். எங்கே போய்ச் சேருவேன் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. இங்கே கெடு வைத்த இடம், அங்கே கல்யாணத்துக்கு வருகிறவன் காரை விட்டுப்போகிற இடம்.

இரண்டு நாள் மறைத்தேன். அந்தத் தப்பு என்னுடையது. மூன்றாம் நாள் காலையில் படத்தைக் காட்டினேன். அம்மா அழுதாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, திரும்பவும் பார்த்தார். அண்ணனைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "எங்கப்பன எடுத்துட்டுக் கல்லு போட்டானா, மேலயே போட்டானா?"

எனக்குத் தெரியாது. அண்ணா, ஜேசிபி ஓடியபோது பக்கத்தில் நின்றவன் நீ. அப்பாவும் அம்மாவும் வெள்ளிக்கிழமை ஊரில் இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உச்சிப்படிப்பு வழிபாடு முடிந்ததும், நம் ஆட்கள் கூடிக் கும்பிடுகிற நிழல் தாங்கலில், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று அவர் கேட்டதற்குப் பதில் சொல். அவர் காலம் வரும்போது அவரை எங்கே இருத்துவாய் என்பதையும் அங்கேயே சொல்.