கடைசி ரீலுக்கு முன் அடிக்கும் மணி

இந்த நாட்டில் படம் முடிகிற நேரம் சனம் எழும்பிப் போய்விடுகிறது. திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கோட்டை மாட்டிக்கொண்டு, சோளப்பொரி வாளியைக் காலால் தள்ளிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கலைந்துவிடுகிறார்கள். நான் மட்டும் இருப்பேன். உடை தைத்தவர், சோறு சமைத்தவர், நாயைப் பழக்கியவர் என்று எல்லாருடைய பெயரும் ஏறி முடிந்து, திரை வெறும் கறுப்பாகி, விளக்குகள் முழுதாக எரியும்வரை இருப்பேன். என் கணவர் வெளியே காரில் இருந்து ஹோர்ன் அடித்தாலும் எழும்பமாட்டேன்.

ஒருநாள் துடைப்பமும் கறுப்புப் பையுமாக வந்த வேலைக்காரப் பையன் பக்கத்தில் நின்று, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டான். எங்கள் ஊரில் பெண்கள் படத்தின் முடிவைப் பார்ப்பதில்லை, அதனால்தான் இருக்கிறேன் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். "ஓ, கரண்ட் போய்விடுமா?" என்றான் இரக்கத்தோடு. கரண்ட் இல்லை, மணி அடிக்கும் என்றேன். அவன் முகம் இன்னும் இரங்கியது. "இங்கே பயப்பட வேண்டாம்" என்று சொல்லி, சுவரில் தொங்கிய தீயணைப்புச் சிலிண்டரைக் கைகாட்டினான். நல்ல பிள்ளை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் ஊர்களில் ஒன்று எங்களது. எங்கள் தியேட்டர் முதலில் நெல் களஞ்சியம். ஒரு போகம் விளைச்சல் பொய்த்து அது வெறுமையாய்க் கிடந்தபோது ஊர் அரிசி ஆலைக்காரர் அதில் வெள்ளைத் திரை கட்டிப் படம் ஓட்டினார். நெல்லைவிடப் படம் நன்றாக விளைந்ததால் அப்படியே விட்டுவிட்டார். மழை பெய்தால் கூரைத் தகரத்தின் சத்தத்தில் வசனம் கேட்காது. பள்ளியில் பாங்கு சொன்னால் படம் ஓட்டும் ஒப்பரேற்றர் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார்; கதாநாயகி வாயை மட்டும் அசைத்து அழுவாள். நோன்பு மாதம் முழுக்கப் பூட்டு. பெருநாளன்று புதுச் சுண்ணாம்பு மணத்தோடு திறக்கும். வெள்ளாமை வெட்டி முடிந்தால் பக்கத்துத் தமிழ் ஊரான சொறிக்கல்முனையில் இருந்து உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சனம் வந்து இறங்கும். மூட்டைப்பூச்சி எல்லாரையும் வேறுபாடு இல்லாமல் கடிக்கும். அந்த மூட்டைப்பூச்சிக்காக நான் ஏங்கவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாப்பாவும் காக்காவும் முன்வாசலால் போவார்கள். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரன். உம்மாவும் நானும் அயல் பெண்களோடு பக்கத்து ஒழுங்கையில் இருந்த சின்ன வாசலால், விளக்கு அணைந்த பிறகு போவோம். எங்களுக்கும் ஆண்களுக்கும் நடுவில் ஒரு குட்டை மதிலும் அதன்மேல் ஒரு சீலையும். கடைசி ரீலை மெஷினில் மாட்டும்போது ஒப்பரேற்றர் ஒரு கயிற்றை இழுப்பார். பெண்கள் பக்கத்தில் மணி அடிக்கும். உடனே எழும்ப வேண்டும். படம் முடிந்து ஆண்கள் தெருவில் இறங்குவதற்கு முன் பெண்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. மீறினால் என்ன நடக்கும் என்றும் தெரியாது, ஒருத்தியும் மீறிப் பார்க்கவில்லை. சொறிக்கல்முனைப் பெண்கள் மட்டும் அசையாமல் இருப்பார்கள். நாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டு, கால்களால் இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டு, அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியேறுவோம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிறகு, கேட்க முடியாத காலம் வந்துவிட்டது.

ஆகவே எங்கள் வீட்டில் முடிவுகள் எல்லாம் காக்காவின் கையில் இருந்தன. என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஆனால் படம் முடிந்து வரும் இரவுகளில் அவன் ஒரு மந்திரி. வாப்பா படக்கதை பேசமாட்டார், கேட்டால் சிரிப்பார். காக்கா காலை வரைக்கும் இழுத்தடித்துத்தான் சொல்வான். கப்பலில் போன புருஷனுக்காகத் துறைமுகத்தில் காத்திருக்கும் ஒருத்தியின் படம் வந்தது. தூரத்தில் கப்பல் ஊதுகிறது, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், எங்களுக்கு மணி அடித்துவிட்டது. உம்மா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தார். "வந்துட்டான் உம்மா, பிள்ளைக்குப் பாவை கொண்டு வந்தான்" என்று காக்கா காலையில் சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டினார்.

பிறகு நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள், உங்கள் ஊரிலும் நடந்திருக்கும். சண்டை வந்தது, ஊரடங்கு வந்தது, இரவுக் காட்சி நின்றது. சொறிக்கல்முனைப் பெட்டி வருவதும் நின்றது. வீடியோ டெக் வந்து வீட்டுக்கு வீடு படம் போட்டது. தியேட்டர் மறுபடி நெல் களஞ்சியமானது. கடல் ஊருக்குள் வந்த நாளில் அதில் சனம் படுத்துக்கிடந்தது. அதற்குப் பின் அது கலியாண மண்டபம், முகப்பில் நீலக் கண்ணாடி. இப்போது அதையும் உடைத்துக் கடைத்தொகுதி கட்டப்போகிறார்களாம். கட்டட்டும். கட்டடம் உடைவதில் எனக்கு வருத்தமில்லை. ஊர் முகநூல் குழுவில் ஒரு பெரிய மனிதர் எழுதியதைக் கண்டுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படக்கொட்டகை இருந்த ஊர் என்ற பழி நீங்குகிறது. அல்ஹம்துலில்லாஹ், எங்கள் தாய்மார் ஒருபோதும் அந்த வாசலை மிதித்ததில்லை" என்று எழுதியிருந்தார். நான் கீழே எழுதினேன்: "என் உம்மா மிதித்தார். ஒழுங்கை வாசலால். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு." உம்மாவின் பெயரையும் போட்டேன்.

அடுத்த நாள் காக்காவின் அழைப்பு.

"என்ன வேலை பாத்திரிக்காய் நீ? என்ட மகள்ர கலியாணம் பேசி நாள் குறிக்கப் போற நேரம். அத அழிச்சிரு."

"பொய்யா எழுதின? போனதுதானே?"

"போனதுதான். அத எழுதணுமா?"

"மிதிக்கவே இல்ல எண்டு அவர் எழுதலாம், மிதிச்ச எண்டு நான் எழுதப்படாதா?"

"நீ அங்க இரிந்து எழுதிருவாய். இஞ்ச இரிக்கிறது நாங்க."

அது சுட்டது. புலம்பெயர்ந்த எவருக்கும் சுடும். அதற்குள் அந்தப் பக்கத்தில் போன் கை மாறியது.

"என்ட பேரப் போட்டா எழுதின?" உம்மா கேட்டார்.

"ஓம் உம்மா."

"அப்ப அழிக்காத. நான் களவெடுக்கவா போன? உன்ட வாப்பாவோட போன."

அழிக்கவில்லை. லீவு எடுத்துக்கொண்டு நானே ஊருக்குப் போனேன். சம்பந்தம் குழம்பினால் அந்தப் பழியையும் நேரில் வாங்கிக்கொள்வோம் என்றுதான் போனேன். நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அட்டாளைச்சேனையில் இருந்து வந்தார்கள். பலகாரத் தட்டுகள் வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் உம்மா, என் வயதுக்காரி, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தார்.

"மாமி, பேஸ்புக்கில எழுதிக் கிடந்த நீங்கதானா? தியேட்டருக்குப் போன?"

கதவடியில் நின்ற காக்காவின் முகம் செத்துப்போனது. "ஓம், நான்தான்" என்றார் உம்மா, குரல் தாழ்த்தாமல்.

"இஞ்ச இரிந்த சாச்சி வீட்ட வந்தா நானும் தியேட்டருக்கு வாறதான், மாமி. அந்தக் கப்பல் படம் ஞாபகமா? மணி அடிச்சிட்டானே பாவி! அவன் கடைசில வந்தானா?"

"வந்தானாம்," என்று உம்மா கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "இவன்தான் கண்டான்."

எல்லாரும் காக்காவைப் பார்த்தோம். தலை நரைத்த மனிதர், பெண்ணைப் பெற்றவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் என்னத்தக் கண்ட? எல்லாப் படத்திலயும் பாதியில நித்திரையாகிருவன். வாப்பா தோள்ல போட்டுத்தான் கொண்டு வாற" என்றார். "நீங்க அழுதுட்டு நிண்டீங்க உம்மா. வந்தான் எண்டு சொன்ன."

வீடு சிரிப்பில் கிடுகிடுத்தது. சம்பந்தக்காரி கண்ணீர் வரச் சிரித்தார். நாளும் குறித்தார்கள். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அவன் வரல்லயா?" என்று கேட்டார். காக்காவுக்குத் தெரியவில்லை. அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபம் காக்காமேல் இல்லை. அந்த மணிமேல் வந்தது. ஊர் முழுக்க இத்தனை பெண்கள் எந்தக் கதையையும் முடிக்காமல் கிழவியாகியிருக்கிறார்கள். இப்போது அந்தப் பெரிய மனிதரைப் போன்றவர்கள், இவர்கள் போகவே இல்லை என்று சொல்லி, பார்த்த பாதியையும் பறிக்கப் பார்க்கிறார்கள்.

மறுநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, "என்னய அங்க கொண்டு போ, முன்வாசலால போகணும்" என்றார் உம்மா. காக்காதான் ஓட்டோ பிடித்து வந்தார். மண்டபத்தில் கூரை பாதி கழற்றியாகிவிட்டது. திரை இருந்த இடத்தில் கலியாண மேடை, அதில் தூசி படிந்த பிளாஸ்டிக் பூ. உம்மா நீலக் கண்ணாடிக் கதவால் நுழைந்து, நடு மண்டபத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மேசன்மாரில் ஒருவர் வந்து, "ஆரத் தேடுறீங்க உம்மா?" என்று கேட்டார்.

"ஆரயும் இல்ல மகன். முடியும் மட்டும் இரிக்க வந்த."

அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் வேலைச் சாமான்களைப் பொறுக்குவதற்காக யாரோ விளக்கைப் போட்டார்கள். உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் அங்கு நின்ற எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் படத்துக்குப் போகிறேன். பையன் இப்போதெல்லாம் மறு கோடியில் இருந்து கூட்டத் தொடங்குகிறான், எனக்கு நேரம் தருகிறான். படம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் என் கால்கள் தாமாகவே இருட்டில் செருப்பைத் தேடுகின்றன. எத்தனை வருடம் இங்கே இருந்தும் அவை எங்கள் ஊர்க் கால்கள், மணியைக் கேட்கின்றன. நான் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். விளக்கு எரிந்ததும் உம்மாவுக்கு வட்ஸப்பில் குரல் அனுப்பி முடிவைச் சொல்வேன், கண்டதைக் கண்டபடி, செத்தவர்களைச் செத்தவர்களாகவே.

போன கிழமை உம்மாவின் பதில் வந்தது. "கத சரி. கப்பல்ல போனவள் எப்ப வாறாள்?"

படத்தில் போனது புருஷன், உம்மா கேட்டது என்னை. பிறகு போனை வாயருகே பிடித்துச் சொன்னேன். "காக்காக்கிட்டக் கேக்காதீங்க உம்மா. வந்துட்டாள் எண்டு சொல்லிருவான்."