முதலில் எந்தக் கால்

போன வாரம் லைட்மேன் தேவராஜின் மகன் ரவி வீட்டுக்கு வந்தான். போனில் ஒரு பேனரைக் காட்டினான். ‘நம்ம ஊர் தந்த திரைக் கலைஞர்கள்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே நான்கு முகங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் படம் பெரிதா சிறிதா என்று பார்க்கப் படிப்பு வேண்டாம். அவன் அப்பன் தேவராஜ் பூசணிக்காய் அளவுக்கு இருந்தான். நான் எலுமிச்சம்பழம்.

“இன்னாடா ரவி, உங்க நைனா தலைய இவ்ளோ பெருசா போட்டுகீற?”

“அவரு செத்துப்பூட்டாரு இல்ல பெரிம்மா? செத்தவங்கள பெருசாத்தான் போடுவாங்க.”

“அப்ப நான் பெருசாவறதுக்கு இன்னும் கொஞ்ச நாளு கீதுன்ற.”

சிரித்தான். பிறகு, “பேனர வுடு பெரிம்மா. விழாவுல பெரிய ஸ்கிரீன் வெக்கிறோம். உன் மணலு சீன போடறோம். ஊரே அழப்போவுது பாரு” என்றான்.

போனை என் முன்னால் நீட்டித் தொட்டான். உள்ளே நான். முடி கறுப்பாக, கன்னம் கொஞ்சம் சதையாக. தரையில் உட்கார்ந்து ஒரு பிணத்தின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் சத்தத்தைக் கூட்டுவதற்குள் போனைக் கவிழ்த்து வைத்தேன். கண் கூசுகிறது என்று பொய் சொன்னேன்.

அவன் போன பிறகும் மூக்கில் ஒரு வாசனை நின்றது. மேக்கப் பெட்டியைத் திறந்தால் நல்ல வாசனை வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது. பல பேர் முகத்தைத் துடைத்த ஈர ஸ்பாஞ்சின் புளித்த வாடைதான் முதலில் வரும். எங்கள் ஊர் மேக்கப்மேன் ஏசுபாதத்தின் தகரப்பெட்டி அப்படித்தான் இருக்கும். காலையில் செங்கல்பட்டில் ரயில் ஏறியதும் அதை என் காலடியில்தான் தள்ளுவார். அந்த வாடையோடுதான் நான் பல வருஷம் இட்லி தின்றேன்.

நாங்கள் நாலு பேர். தேவராஜ், ஏசுபாதம், சீரியல்களில் அசோசியேட் டைரக்டராக இருந்த பூபதி, நான். முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி. ரயில் ஏரியை ஒட்டிப் போகும்போது நாஸ்தா பொட்டலத்தைப் பிரிப்போம். கோடம்பாக்கம் வருவதற்குள் சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் முடிந்துவிடும். யூனிட்டில் எங்களுக்குச் செங்கல்பட்டு கோஷ்டி என்று பேர். ஒருத்தருக்கு வேலை வந்தால் மற்ற மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போவோம். அதில் எங்களுக்குக் கர்வம். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

என்னை இதில் இழுத்துவிட்டது தேவராஜ்தான். மாமல்லபுரத்தில் ஏதோ படப்பிடிப்பு, குடம் தூக்கி நடக்கப் பத்துப் பெண்கள் வேண்டும் என்று எங்கள் தெருவிலேயே வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நானும் ஏறினேன், பக்கத்து வீட்டுத் தனமும் ஏறினாள். கடற்கரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. தனம் ஒவ்வொரு தடவையும் நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

“யம்மா, கேமராவ பாக்காதீங்கம்மா!”

“அது என்ன பாக்குது, நான் அத்த பாக்கக் கூடாதா?” என்றாள் தனம்.

யூனிட்டே சிரித்தது. அவளை ஓரமாக உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டார்கள். நான் பதினோரு தடவை நடந்தேன், ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. “உனக்கு இது வருது அக்கா” என்றான் தேவராஜ். திரும்பி வரும்போது வேனில் தனம் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: “எனக்கு இருக்கிற மாரிதான் இருக்க வரும்டி. நீ போ. புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்.”

சொன்ன மாதிரியே பார்த்துக்கொண்டாள். என் இரண்டு பிள்ளைகளும் அவள் மகன் சேகரும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தார்கள். சேகர் வெளியே போனால் கணுக்கால் வரைக்கும் மண்ணோடுதான் திரும்பி வருவான். அவன் வாசலில் கால் வைத்ததும் தனத்தின் குரல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். “காலைத் தட்டிக்கினு வாடா, வூடு பூரா மணலு!” தினமும் அதே குரல். மணி பார்க்காமலே சாயங்காலம் ஆகிவிட்டது என்று நான் தெரிந்துகொள்வேன்.

ரயிலுக்கு வருகிறேன். அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இட்லி தின்று கை கழுவியதும் பூபதி கேட்பார், “அக்கா, ஊருல இன்னா சேதி?” தேவராஜுக்கு விளக்கு, ஏசுபாதத்துக்குக் கை, பூபதிக்கு எழுத்து. எனக்கு இருந்தது வாய் ஒன்றுதான். யார் வீட்டில் மருமகள் அடுப்பைத் தனியாக வைத்தாள், யார் பெண் யாரோடு பஸ் ஏறினாள், எல்லாவற்றையும் கைவீசிச் சொல்லுவேன். அந்தந்த ஆள் மாதிரியே பேசிக் காட்டுவேன். பெட்டியே என்னைப் பார்க்கும். ஒரு மாதம் கழித்து அதில் ஏதாவது ஒன்று சீரியலில் வரும். பேரும் ஊரும் மாறியிருக்கும். நாங்கள் நாலு பேரும் கண்ணடித்துக்கொள்வோம்.

நாலு பேரும் என்று சொல்லிவிட்டேன், மூன்று பேர்தான். ஏசுபாதம் சிரிக்க மாட்டார். “அடுத்தவங்க வூட்டு சேதி அக்கா அது. ரயில்ல ஏன் கொட்ற?” என்பார். “நீ பூசறதும் அடுத்தவங்க மூஞ்சிதான, பூசிக்கினு கெட” என்பேன். பெட்டியை இன்னும் கொஞ்சம் என் பக்கமாகத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்.

சேகருக்குப் பத்தொன்பது வயது நடந்தது. சிநேகிதர்களோடு மாமல்லபுரம் போனவனை அலை இழுத்துவிட்டது. இரண்டாம் நாள் தெற்கே தள்ளி ஒரு குப்பத்தில் கரை ஒதுங்கினான். பெரியாஸ்பத்திரியில் முடிக்க வேண்டியதை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். துணி சுற்றியிருந்தது, கால் மட்டும் வெளியே தெரிந்தது. எல்லோரும் தலைமாட்டில் விழுந்து கதறினார்கள். தனம் அழவில்லை. கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். அவளை ஒட்டி நான் ஒருத்திதான் இருந்தேன். விரல் இடுக்குகளில் மணல் ஒட்டியிருந்தது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். வாய்க்குள்ளேயே சொன்னாள்: “எத்தினி வாட்டி சொன்னேன், தட்டிக்கினு வாடான்னு. கேட்டியா? எத்தினி வாட்டி...”

அந்தக் கூச்சலில் இது வேறு யார் காதிலும் விழவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து நாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஆறாம் நாள் ரயில் ஏறினேன். அன்று பூபதி எதுவும் கேட்கவில்லை. அவர் நல்ல மனுஷர், அதைச் சொல்லிவிட வேண்டும். பொட்டலத்தைக்கூட யாரும் பிரிக்கவில்லை. சிங்கப்பெருமாள்கோவில் தாண்டியதும் நானாகத்தான் வாயைத் திறந்தேன். மனசு தாங்காமல் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. சொல்லச் சொல்ல அவர்கள் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகச் சொன்னேன். பாதியில் பூபதியின் கை சட்டைப்பைக்குப் போனது. சின்ன நோட்டு, பேனா. நான் பார்த்தேன். வேண்டாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூடிவிட்டிருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் எழுத்து என் பேச்சை எட்டிப் பிடிக்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? அந்த சீனுக்கு வேறு ஒரு நடிகையை வைத்திருந்தார்கள். “சார், நான் பக்கத்துல இருந்து பாத்தவ. எனக்குத்தான் சரியா வரும்” என்று நானே போய்க் கேட்டேன். பூபதி டைரக்டரிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். பிணமாகப் படுத்த பையனின் காலில் ஏசுபாதம் தேங்காயெண்ணெய் தடவி மணலை ஒட்டவைத்தார். மணலைச் சலித்து வைத்திருந்தார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

முதல் டேக்கில் அழுதுவிட்டேன். கட். இரண்டாவதில் என் விரல் காலைக் கேமராவிலிருந்து மறைத்தது. மூன்றாவதில் தனத்தின் தோள் எப்படிக் குனிந்திருந்தது, உதடு எவ்வளவு அசைந்தது என்று நினைத்துக்கொண்டே செய்தேன். வார்த்தை ஒன்றுகூடக் குறையவில்லை. டைரக்டர் கட் சொன்னார். அப்புறம் கை தட்டினார்கள். தேவராஜ் விளக்கை விட்டு இறங்கி வந்து மூக்கைச் சிந்தினான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. சொல்லவே வாய் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

சாயங்காலம் முகம் துடைக்க கிரீம் கொடுக்கும்போது ஏசுபாதம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தனத்தாண்ட சொல்ட்டியா?”

“சொல்லிக்கலாம்.”

சொல்லவில்லை. தனம் வீட்டில் டிவி கிடையாது, தினமும் என் வீட்டில் வந்துதான் பார்ப்பாள். நான் பின்னால் நிற்கும் சீனில்கூட “தோ, அவ!” என்று கத்துவாள். சேகர் போன பிறகு வருவதை நிறுத்தியிருந்தாள். மூன்றாம் மாதம்தான் மறுபடி வந்து கதவோரம் உட்கார ஆரம்பித்திருந்தாள். அந்த சீன் வருகிற அன்றைக்கு எனக்குத் தலைவலி, டிவி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். தெருப் பெண்கள் விடவில்லை. “இன்னிக்கு உன் சீனாமே அக்கா, தேவராஜு அண்ணாத்த சொல்லிச்சு!” என்று கூட்டமாக உள்ளே வந்து அவர்களே போட்டுவிட்டார்கள்.

ஓடியது. எல்லோரும் அழுதார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். நான் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. கேமராவைப் பார்க்காமல் இருக்கப் பழகியவள் அல்லவா?

தனம் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்: “நான் அவ்ளோ மெதுவா தொடைக்கலடி.”

போய்விட்டாள். அப்புறம் என் வீட்டுக்குள் அவள் வரவேயில்லை. சண்டை போடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. தெருவில் பார்த்தால் “சாப்ட்டியா?” என்பாள். என் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டு உட்காராமலே போனாள். எனக்கோ அந்த சீனுக்குப் பிறகு அம்மா வேஷமாகவே வந்தது. கடைத்தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நானும் கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன், நன்றாகப் பார்க்கட்டும் என்று.

ரவி வந்து போன மறுநாள் தனம் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் எத்தனை சீரியலில் எத்தனை பேர் காலில் விழுந்திருக்கிறேன்! வாயைத் திறந்தால் அந்தக் குரல்தான் வரும் என்று பயம். அழுதால் நடிக்கிறேன் என்று நினைத்துவிடுவாள். நினைப்பதென்ன, நடிப்பா இல்லையா என்று எனக்கே தெரியாது.

“ரவி விழா வெக்கிறானாம். அந்த சீன போடறேன்னான்” என்றேன். “வேணாம்னு சொல்லப்போறேன்.”

“போட்டா இன்னா? அதான் எல்லார் போன்லயும் கீதாமே. என் தம்பி மருமவ காட்னா.”

கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். பிறகு சாதாரணமாக, குழம்பில் உப்பு கேட்பது மாதிரி, கேட்டாள்.

“ஏண்டி, அன்னிக்கு நான் எந்தக் கால மொதல்ல தொடச்சேன்?”

எனக்கு விளங்கவில்லை.

“நெனச்சி நெனச்சி பாக்கிறேன். அவன் காலு வர மாட்டேங்குது. உன் கைதான் வருது, டிவில வந்த மாரியே. நீ பக்கத்துல இருந்த இல்ல? நீ சொல்லு.”

இடது கால் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சீனில் நான் இடது காலை முதலில் துடைத்தது கேமரா அந்தப் பக்கம் இருந்ததால். அதற்குப் பின்னால் தனத்தின் கையைத் தேடினேன். அவள் புடவை என்ன நிறம், எவ்வளவு அழுத்தித் துடைத்தாள், ஒன்றும் இல்லை. சலித்த மணலும் தேங்காயெண்ணெய் வாசனையும்தான் வந்தன.

“தெரியலடி” என்றேன்.

தலையை ஆட்டினாள். உருவிய கீரையில் பாதியை எனக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

ரவியிடம் சீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “அதுதான பெரிம்மா உன் பேரே!” என்று ரொம்ப வருத்தப்பட்டான். பேனரில் என் படத்தையும் எடுத்துவிடு என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை, அந்த ஆசை இன்னும் போகவில்லை. பூபதி போய்விட்டார், தேவராஜ் போய்விட்டான், ஏசுபாதமும் போய்விட்டார். மூன்றாவது பெட்டியில் இப்போது யார் யாரோ போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதெல்லாம் போகிறதுதான். சேகரின் காலைத் தனம் துடைத்ததை இந்த உலகத்தில் பார்த்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். இரண்டு பேரிடமும் இப்போது அது இல்லை.