முகத்துவாரம் வெட்டிய காலை

காபித்தூள் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கு முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றும். இன்று காலை என் மனைவி வத்சலா புதுப் பொட்டலத்தைப் பிரித்து, மூடி வெளுத்துப்போன அந்தப் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினாள். வாசனை கூடம் வரை வந்தது. நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். காரணம் தெரிய வேண்டுமானால் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பொங்கல் விடுமுறைக்கு நீங்கள் என்னோடு வர வேண்டும்.

அப்போது செங்கல்பட்டில், வாய்க்கால், மதகு வேலைகளுக்கு மதிப்பீடு போடும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பறவைப் பைத்தியம் வேறு. வேடந்தாங்கலுக்கு நாலு முறை போய்வந்த திமிரில், கொக்கு எது நாரை எது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாடம் எடுப்பேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், கழிமுகத்தை ஒட்டி, நாள் வாடகைக்கு ஓட்டு வீடு கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஸ்டவ்வும் நாலு பாத்திரமும் வீட்டுக்காரர்கள் தருவார்கள். அரிசி முதல் காபித்தூள் வரை நாம் கொண்டுபோய் நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் செய்கிற அதே சமையலைக் கடலைப் பார்த்துக்கொண்டு செய்வதற்குப் பேர் லீவா என்று வத்சலா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை. கட்டுமரக்காரர், அதிகம் பேச மாட்டார். முதல் நாள் மாலை கிணற்றடியில் நான் குடத்தை நிரப்பும்போது வந்து நின்றார்.

"நாளைக்கு காலீல முகத்துவாரம் வெட்றாங்க சார். மண்மேட்டத் தாண்டி அக்கரைக்குப் போவாத."

கழிக்கும் கடலுக்கும் நடுவே மணல் அடைத்து மேடாகிவிடும். மழைக்குப் பிறகு உள்ளே தண்ணீர் ஏறிக் குடிசைகளைத் தொடும்போது ஊரே கூடி அந்த மேட்டை வெட்டிவிடும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஆபீசில் அந்த நீளத்துக்கு வாய்க்கால் வெட்ட மூன்று மாதமும் இரண்டு நினைவூட்டல் கடிதமும் ஆகும். நாலு பேர் மண்வெட்டியோடு வந்தால் சாயங்காலமாவது ஆகும் என்று நானே ஒரு மதிப்பீடு போட்டேன். வத்சலாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அக்கரைப் பூநாரைகளை மறந்துவிட வேண்டியதுதான்.

வெளிச்சம் வருமுன் கிளம்பினேன். ஆறு வயது மகள் சுதாவும் வந்தாள். அவளுக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலரை எடுத்துப் போங்கள் என்று அடுப்படியிலிருந்து வத்சலா சொன்னாள். அரை மணியில் வந்துவிடுவோமே என்றேன். கால் நனையாமல் மேட்டில் நடந்து அக்கரை போய், தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எதிரே சேற்றோரத்தில் கழுத்தைக் கவிழ்த்தபடி பூநாரைகள். சுதா எண்ண ஆரம்பித்து, தப்பி, மறுபடி ஆரம்பித்தாள். அரை மணி எப்படி ஒன்றரை மணி ஆனது என்று தெரியவில்லை. நடுவில் ஓரத்துத் தண்ணீர் மெல்லப் பின்வாங்கியது. அதற்கும் கடல் உள்வாங்கும் நேரம் என்று குழந்தைக்கு ஒரு விளக்கம் கொடுத்தேன்.

எழுந்து வந்தால் வழி இல்லை. அவர்கள் வெட்டிய சின்னக் கால்வாயைத் தண்ணீரே அறுத்து அகலமாக்கி, பழுப்பாகக் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கரை பாளம் பாளமாக இடிந்து விழுந்தது. புதருக்குப் பின்னால் ஆள் இருப்பது வெட்டியவர்களுக்கு எப்படித் தெரியும்? சுதா பயந்து அழுதாள். அழுகை இருமலாகி, இருமல் விசிலாகியது. மூச்சை இழுக்கும்போது தொண்டைக்குழி உள்ளே போனது. உதடு வெளுத்தது. அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு முதுகைத் தடவுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இடுப்பில் பைனாகுலர் இடித்துக்கொண்டே இருந்தது. அதைத் தூக்கிக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது.

எங்களைத் தேடி வந்த வத்சலா எதிர்க்கரையில் நின்று கத்தினாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நான் என் நெஞ்சைத் தட்டிக் காட்டியதும் புரிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் கையில் காபித்தூள் டப்பா. மூடி இறுக்கமான பாத்திரம் அது ஒன்றுதான். தூளை மணலில் கொட்டிவிட்டு இன்ஹேலரை உள்ளே வைத்து மூடினாள். ஏழுமலை டப்பாவை இடுப்புத் துண்டில் கட்டிக்கொண்டு, இன்னொருவரோடு கட்டுமரத்தைக் கழியின் மேற்புறம் தள்ளிப்போய் இறக்கினார். இழுப்பு அவர்களை முகத்துவாரம் பக்கமே தள்ளியது. துடுப்பு போட்டும் மரம் நழுவிக்கொண்டே வந்தது. இரண்டு கட்டுமர நீளம் தவறியிருந்தால் கடல்தான். கரை தட்டியதும் அவர் குதித்து ஓடி வந்தார்.

சுதா இரண்டு முறை அழுத்தி உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விசில் குறைந்தது. மூஞ்சியைச் சுளித்து, காபி வாசனை அடிக்கிறது என்றாள். நான் வாய்விட்டு அழுதேன்.

தண்ணீர் வேகம் தணிந்ததும் எங்களைக் கட்டுமரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். வத்சலா குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஏழுமலை பக்கம் திரும்பினாள்.

"வெட்டப் போறீங்கன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் குனிந்து பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தேன். சட்டை நுனியால், மிகவும் அக்கறையாக.

"தப்புதாம்மா," என்றார்.

அன்று மதியமே கிளம்பிவிட்டோம். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். வேலை, சுதாவின் பரீட்சை என்று ஏதாவது வரும். எல்லாம் சாக்கு. பயம்தான். ஆழிப்பேரலை வந்த பிறகுதான் போனேன். ஓட்டு வீடு நின்ற இடத்தில் படிக்கட்டு மட்டும் இருந்தது. கிணறு மணலால் தூர்ந்திருந்தது. குப்பத்தார் உள்ளே தள்ளிக் குடியிருந்தார்கள். ஏழுமலையைக் கேட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெண் நிமிராமல், "அவுரு அலை வந்தன்னிக்கு கட்டுமரத்தாண்ட இருந்தாரு," என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கட்டுமரங்களும் இல்லை, கரை நெடுக ஃபைபர் படகுகள்.

சுதா இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். இளைப்பு எப்போதோ போய்விட்டது. டப்பாவைத் தூக்கிப் போட வத்சலாவுக்கு மனமில்லை. இன்றும் மூடியை அழுத்தும்போது, அவள் எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"நல்ல மனுசன்தான். ஆனா முந்தின நாளே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், இல்ல?"

ஆமாம் என்றேன்.