நான்காவது வரியில் சொந்த இடம்

அந்தப் படிவத்தில் ஆறு வரிகள் இருந்தன: கல்லூரியின் பெயர், அணித் தலைவியின் பெயர், தொலைபேசி இலக்கம், சொந்த இடம், உடையின் நிறம், கையொப்பம். லண்டனில் வாழும் யாழ்ப்பாண, மன்னார்க் கல்லூரிகளின் பழைய மாணவிகளும் அவர்களின் மகள்மாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் வலைப்பந்துப் போட்டிகளுக்காக அதைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். ஓர் அணி தன் ஆட்டங்களை எந்த மண்டபத்தில் வைத்துக்கொள்ளும் என்பதைத்தான் நான்காவது வரி கேட்க வேண்டும். ஹரோவில் பிறந்து சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்தவள், 'ஹோம் வெனியூ' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே திருப்பிப் போட்டு 'சொந்த இடம்' என்று எழுதிவிட்டேன். எங்கள் ஆட்கள் சொந்த இடம் எது என்று கேட்டால் ஊரைத்தான் கேட்கிறார்கள். திருமண மண்டபங்களில் முன்பின் தெரியாதவர்கள் என் அம்மாவிடம் முதலில் கேட்பதும் அதையேதான். இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. படிவம் ஏழு அணிகளுக்குப் போனது. ஒருவர் மட்டும் சந்தேகம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, நாலாவது வரியில என்ன கேக்கிறாய்? ஊரையோ, கிரவுண்டையோ?"

"கிரவுண்டைத்தான் அக்கா."

"அப்ப நல்லது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் எங்கள் அணியின் தலைவி. ஆடுகளத்துக்கு வெளியேயும் எல்லோருக்கும் அவர் 'கப்டன்'தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்குக் கப்டன் அக்கா. வாரநாட்களில் ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் வேலை. நரம்பு அகப்படாத கிழவர்களை மற்றவர்கள் அவரிடம்தான் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருமுறை எனக்கும் அவர்தான் எடுத்தார். ஊசி ஏறியதே தெரியவில்லை. "முடிஞ்சுது, இனிப் பயப்பிடலாம்" என்றார். களத்தில் அவருடைய இடம் எதிரணி கோல் போட வரும் வளையத்துக்கு நேர் கீழே, கோல் காப்பாளர். உயரம் குறைவு. ஆனால் பந்து எறிபவளின் கையை அவர் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார். கால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் முன்கூட்டியே போய் நிற்பார். நான் ரயில் கால அட்டவணைகளுக்கு மென்பொருள் எழுதுபவள், எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். அவர் எழுதாமலே கணக்காக நிற்பது எனக்குத் தீராத வியப்பு.

அப்போது மொத்தம் எட்டு அணிகள். ஏழு அணிகளின் ஆட்கள் வட லண்டனில் ஹரோ, ரெய்னர்ஸ் லேன் பக்கம் இருந்தார்கள். எட்டாவது மன்னார் அணி, நகரின் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில். அவர்கள் ஒரு கன்னியர் மடக் கல்லூரியின் பழைய மாணவிகள். ஞாயிறு பூசை முடிந்துதான் வருவார்கள். கோயில் என்று அவர்கள் சொல்லும் தேவாலயத்துக்குப் பக்கத்துப் பள்ளியின் உடற்பயிற்சி மண்டபம்தான் அவர்களுடைய களம். கோல் கோட்டுக்குப் பின்னால் இரண்டு எட்டு வைத்தால் சுவர். மழை பெய்தால் ஒரு மூலையில் வாளி வைப்பார்கள். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று ரயில் மாறி அங்கே போவோம், முழு வழியும் முறைப்பாடு சொல்லிக்கொண்டு.

அப்படிப் போன ஒரு நாள், அது முகூர்த்த நாளும்கூட. எங்கள் அணியில் பாதிப் பேருக்கு மேல் ஒரே கல்யாணத்தில். மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது நாலு பேர். ஏழு பேர் ஆடும் ஆட்டம், ஐந்து பேராவது இல்லாமல் ஓர் அணி களமிறங்க முடியாது. ஆடாமலே புள்ளிகள் மன்னார் அணிக்குப் போக வேண்டும். அவர்கள் எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுடைய தலைவி எங்களை எண்ணிப் பார்த்தார். "பூசை முடிஞ்சு ஓடிவந்தது சும்மா குந்தியிருக்கிறதுக்கே? இந்தாங்கோ, ரெண்டு பேரைப் பிடியுங்கோ," என்று இரண்டு பெண்களை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். ஆறுக்கு ஆறாக ஆடினோம். கடைசி நிமிடத்தில் கோல் போட்டவள் அவர்கள் தந்த பெண். தன் சொந்தக் கல்லூரிக்கு எதிராகப் போட்டாள். "எடி துரோகி! இண்டைக்கு நடந்து வீட்ட போ!" என்று அவளுடைய அணி முழுக்கக் கத்திச் சிரித்தது. ஒரு கோலால் வென்றோம். அந்த ஆண்டு புள்ளிப் பட்டியலைப் போட்டவள் நான் என்பதால் எனக்குத் தெரியும்: அந்த ஆட்டத்தின் புள்ளிகள் இல்லாவிட்டால் கோப்பை எங்களுக்கு இல்லை.

மறு ஆண்டு வட லண்டனில் ஒரு புதிய விளையாட்டு மையம் திறந்தார்கள். பலகைத் தரை, மின் பலகையில் கோல் கணக்கு, நல்ல வெந்நீர்க் குளியல். போட்டிகளின் அமைப்பாளர் அண்ணை, நிதானமான, மரியாதையான மனிதர், அங்கும் அவரவர் களங்களிலுமாக ஆடும் புதிய லீக் ஒன்றைத் தொடங்குவோம் என்றார். நான் தட்டச்சு செய்த படிவம் அதற்குத்தான். ஒரு விதி: களம் வட லண்டனில் உள்ள அணிகள் மட்டும். யாரையும் ஒதுக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஏழு அணிகளும் போனால் மன்னார் அணிக்கு ஆட ஆளில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. புதிய லீக்குக்குப் போவதற்கான காரணங்களை எழுதினேன், பதினொன்று வந்தது. தரை, நேரம், பயணம், இளையவர்கள் சேரும் வாய்ப்பு. பயிற்சி முடிந்து கப்டன் அக்காவின் காரில் இருந்தபோது அதை அவரிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"பட்டியலில பிழையில்லை தங்கச்சி. பதினொண்டும் சரி," என்றார். தாளை மடித்து என்னிடமே தந்தார். "எனக்குத்தான் ஏலாது."

காரை எடுத்தார்.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கூட்டம் நடந்தது. ஞாயிறு பின்னேரம், வடை, தேநீர், ஏழு அணிகளிலிருந்தும் நாற்பது பேருக்கு மேல். அமைப்பாளர் அண்ணை படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். "சொந்த இடம்... சுன்னாகம்." தலை நிமிர்ந்தார். அடுத்தது பருத்தித்துறை. அடுத்தது புங்குடுதீவு. ஒருவர் 'நல்லூர், கோயிலுக்குப் பின் வீதி' என்று விலாசமே எழுதியிருந்தார்.

"பிள்ளை," என்று என்னைப் பார்த்தார், "புங்குடுதீவில மற்ச் எண்டால் எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?"

கூடம் அதிர்ந்தது. என் காது சூடாகியது. சிரிப்பு அடங்குமுன் அவர் ஏழாவது படிவத்தை எடுத்தார். அதில்தான் லண்டன் பெயர் இருந்தது. அவர் முதலில் மனதுக்குள் வாசித்தார், பிறகுதான் சத்தமாக. "சொந்த இடம்: தோர்ண்டன் ஹீத், கோயில் பள்ளிக்கூட ஹோல்."

"இதென்ன தங்கச்சி, உங்கட ரீம் முழுக்க ஹரோவில. பிழையா எழுதிப்போட்டியளோ?"

"இல்லை அண்ணை. விளங்கித்தான் எழுதினனான்," என்றார் கப்டன் அக்கா, என்னைக் காட்டி. "இவவைக் கேட்டிட்டுத்தான் எழுதினனான். எங்கட களம் அங்க. மன்னார் ஆக்களிட்டயும் கேட்டாச்சு, ஓம் எண்டிட்டினம்."

"அப்ப விதிப்படி நீங்கள் இதில சேரேலாது."

"தெரியும்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "ரெண்டு ரீமை வைச்சு லீக்கோ? கலியாணம் பேசலாம், லீக் நடத்தேலாது!" என்றாள். மீண்டும் சிரிப்பு. கப்டன் அக்காவும் சிரித்தார்.

"ரெண்டு ரீம் இருந்தால் ஒரு மற்ச் நடக்கும். ஒண்டு இருந்தால் ஒண்டும் நடக்காது. போன வருசக் கோப்பை எங்கட அலுமாரியில இருக்கு. அது ஆர் தந்த ஆளால வந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். அவையைத் தனிய விட்டிட்டு வந்து உங்களோட ஆட எனக்கு ஏலாது."

எங்கள் அணியின் சிறந்த கோல் போடுபவள் எழுந்தாள். "எங்களைக் கேட்டனீங்களோ?" நியாயமான கேள்வி. எனக்குள்ளும் அதே கோபம்தான் இருந்தது.

"கேக்கேல்ல," என்றார் அவர். "கேட்டால் வேண்டாம் எண்டுவியள் எண்டு பயந்திட்டன். அது என்ர பிழை. போக விரும்பிற ஆக்களுக்கு நானே கையெழுத்து வைச்சுத் தாறன். கோவிக்க மாட்டன்."

சொன்னபடியே செய்தார். கோல் போடுபவளோடு இன்னும் நாலு பேர் போனார்கள். தாய் வழியில் ஒரு கல்லூரி என்றால் மாமி வழியில் இன்னொன்று; வேறோர் அணியில் சேர எங்களிடையே அப்படி ஒரு வழியைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. பழைய மாணவிகள் சங்கத்தில் அவரைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. பட்டியலில் மிஞ்சிய பெயர்கள் என்னோடு சேர்த்து ஏழு. வருவீர்களா என்று அவர் எவரையும் கேட்கவில்லை. முதல் ஆட்டத்தின் திகதியையும் நேரத்தையும் மட்டும் அனுப்பினார்.

அந்த ஞாயிறு காலை விக்டோரியா நிலையத்தில் நின்றபோதும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். என் பதினொரு காரணங்களில் ஒன்றுகூட மாறவில்லை. ரயில் வந்தது, ஏறினேன். காரணம் கேட்டால் இன்றும் ஒரு வரியில் எழுத வராது. ஒருவர் தனக்கு இயலாது என்று அவ்வளவு எளிதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இயலாது என்பதைப் பலவீனமாகவே நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

மண்டபத்தில் அவர் வாங்கில் அமர்ந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையாட்டினார். அவிழ்த்து மறுபடி கட்டினார். அவர் கண் வாசலிலேயே இருந்தது. ஒருத்தி வந்தாள், பிறகு இருவர் சேர்ந்து வந்தார்கள். அவரோடு ஐந்து. அதற்கு மேல் யாரும் வரவில்லை.

மன்னார்த் தலைவி வழக்கம்போல் எண்ணிவிட்டு, "ரெண்டு பேர் தரட்டோ?" என்றார்.

"வேண்டாம். இண்டைக்கு எங்கட ஆக்களோடயே தோப்பம்," என்றார் கப்டன் அக்கா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கோப்பை வாங்கிய நாளிலும் நான் காணவில்லை. தோற்றோம். எத்தனை கோலால் என்று எழுதுவது மரியாதையாக இராது.

ஆட்டம் தொடங்குமுன் நடுவராக வந்த கானா நாட்டுப் பெண் விருந்தினர் அணி எது என்று கேட்டார். தாளில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. இரண்டு தலைவிகளும் ஒரே நேரத்தில் "நாங்கள் இல்லை" என்றார்கள். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டார். களத்துக்கு உரியவர்கள்தான் வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம். அதனால் அன்று இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாக ரோல்ஸும் பற்றிஸும் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். பதின்மூன்று பேருக்கு நூறு பலகாரம்.

புதிய லீக் நன்றாக நடக்கிறது. நானும் போய்ப் பார்ப்பதுண்டு, அந்தத் தரை உண்மையிலேயே அருமை. எங்கள் அலுமாரிக்கு வேறு கோப்பை வரவில்லை. முழங்கால் நோவால் கப்டன் அக்கா இப்போது ஆடுவதில்லை; கோட்டோரம் நின்று எதிரணியின் கால்களைப் பார்த்துக் கத்துகிறார். அந்த நடுவர் தன் சபைப் பெண்களைச் சேர்த்து ஓர் அணி கொண்டுவந்தார். மன்னார்த் தலைவியோடு வேலைசெய்யும் மலையாளத் தாதிகள் இன்னோர் அணி. நான்கு அணிகளுக்கும் அந்த ஒரு மண்டபம்தான். மழை நாளில் வாளி இன்னும் மூலையில் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் நீள மேசையில் நான்கு வீட்டுச் சமையல் இருக்கும். விருந்தாளி என்று யாரும் இல்லாததால் பரிமாறவும் ஆளில்லை. வேண்டியதை அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம்.