கூச்சம் என்ற டேக்

“டிவியில தமிழ் பேசுற ஜப்பான் கார்ட்டூன் பாத்தவ நீ. இங்க போய் டெஃபினிஷன் எழுதப் போறியா? அதுவும் இங்கிலீஷ்ல?”

எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டே என் தோழி இதைக் கேட்டாள். குத்திக்காட்டும் குரல் இல்லை. நிஜமாகவே சந்தேகம். அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இரண்டு பேரும் செக்கிங் வேலை பார்த்தோம். அவள் வேலூரிலிருந்து ரயிலில் வருவாள். அம்மா நர்ஸ், சிறு வயதிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். நான் மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். பட்டமும் வாங்கினேன். கேட்காதவர்களிடம்கூட இதைச் சொல்லுவேன்.

அந்த வெப்சைட்டை எனக்குக் காட்டியவள் அவள்தான். ஜப்பானிய அனிமே தொடர்களுக்கான பெரிய தகவல் கிடங்கு அது. தொடரில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பார்த்தவர்களே குணங்களை டேக்காகச் சேர்க்கலாம்: இடது கைக்காரர், பொய் சொல்பவர், சாப்பாட்டுப் பிரியர், கூச்சம் உள்ளவர். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு விளக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் விளக்கம் எழுதி அனுப்பலாம். மற்றவர்கள் வாதாடுவார்கள், பொறுப்பில் இருப்பவர் முடிவு செய்வார். ஏற்றுக்கொண்டால் விளக்கத்துக்குக் கீழே எழுதியவரின் பெயர் நிற்கும். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்பும் கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு நேரத்தில் பயன்படுத்திக்கொள்ளச் சூப்பர்வைசர் விட்டிருந்தார்.

அந்தப் பெயர்தான் எனக்கு வேண்டியிருந்தது. நான் எழுதிய ஒரு இங்கிலீஷ் வாக்கியம், கீழே நான். அவ்வளவுதான்.

முதல் வாரமே சொதப்பினேன். எங்கள் வேலையில் ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நன்றாக இருக்கும் இடத்தில் எதுவும் ஒட்ட மாட்டோம். அதே கையோடு நான் ஒரு பாத்திரத்துக்கு டேக் போட்டேன்: சோம்பேறி, முன்கோபி, சொன்ன நேரத்துக்கு வராதவள், வாங்கிய கடனைத் திருப்பித் தராதவள். அவள் பார்த்துவிட்டு மேஜையில் தட்டிச் சிரித்தாள்.

“ஏய், இன்னாபா இது? அந்தப் பொண்ண ரிஜெக்ட் பண்ணிட்டியா? ரீவொர்க்குக்கு அனுப்பிடலாமா?”

பிரிவு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் அதே பாத்திரத்துக்குப் போட்டிருந்த டேக்குகளைப் பார்த்தேன்: தம்பி மேல் பாசம், மழை என்றால் பயம், பாடும்போது கண்ணை மூடுபவள். ஏதோ ஒரு நாட்டுக்காரர் கீழே நன்றி சொல்லியிருந்தார். அவள் தட்டச்சு செய்துவிட்டுத் திரும்பப் படித்துக்கூடப் பார்க்க மாட்டாள். நான் ஒரு வாக்கியத்தை பஸ் ஏறியதிலிருந்து இறங்கும் வரை மனசுக்குள் உருட்டிக்கொண்டு வருவேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்குள் பாதி மறந்துவிடும். அவளுடைய கைகளைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்புறம்தான் கூச்சம் பற்றிய சண்டை வந்தது. மலையூரிலிருந்து நகரத்துப் பள்ளிக்கு வந்து சேரும் ஒரு பெண், அப்போது நாங்கள் பார்த்த தொடரில். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அவளுக்கு ‘கூச்சம்’ என்று போட்டாள் என் தோழி. நான் எடுத்துவிட்டேன். அவள் மறுபடி போட்டாள்.

“அவளா கூச்சம்? மீன்காரன்கிட்ட சண்டை போட்டு வாங்குறா பாத்தியா? வீட்டுக்குப் போனா வாய் மூடுறதே இல்ல” என்றேன்.

“கிளாஸ்ல பேசலையே. தலையத் தூக்கவே இல்லையே.”

“பேசுனா அவ ஊரு பேச்சக் கேட்டு சிரிக்கிறாங்க. அதனால பேசல.”

“பாக்குறவங்களுக்கு இன்னா தெரியுதோ அதான்பா டேக்கு. அவ மனசுக்குள்ள பூந்து பாக்க முடியுமா?”

“தோல்ல நரம்புத் தடம் இருந்தா ஸ்டிக்கர் ஒட்டுவியா? அது குறை இல்ல, மாட்டோட வாகுன்னு விட்டுடுவோம். கத்தி பட்ட கீறலுக்குத்தான ஒட்டுறோம்? ரெண்டும் பாக்க ஒரே கோடுதான்.”

அவள் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “இவ்ளோ பேஜார் எதுக்கு? ஒரு கார்ட்டூன் பொண்ணுபா அது.”

கல்லூரி முதல் வருஷம் முழுக்க என்னை ‘கூச்ச சுபாவம்’ என்றுதான் சொன்னார்கள். டீச்சரும் சொன்னார், ஹாஸ்டல் வார்டனும் சொன்னார். எனக்குக் கூச்சம் இல்லை. அங்கே புழங்கிய பேச்சு என்னிடம் இல்லை, அவ்வளவுதான். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் பரிதாபப்படுவாள்.

வெப்சைட்டில் என் வாதத்தை எழுதினேன். தோல், நரம்பு, கத்தி எல்லாவற்றையும் தெரிந்த இங்கிலீஷில் போட்டேன். பொறுப்பில் இருந்தவர், எந்த ஊரோ தெரியாது, மூன்று நாள் கழித்துப் பதில் போட்டார். விஷயம் சரிதான் என்று படுகிறது, ஆனால் வாக்கியம் புரியவில்லை, யாராவது தெளிவாக எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் அன்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தால் விளக்கம் ஏற்கெனவே ஏற்கப்பட்டிருந்தது. இரண்டே வரி. யாரிடமும் பேசத் தயங்குபவருக்கு மட்டுமே இந்த டேக்; ஓரிடத்தில் கேலிக்கு அஞ்சி மௌனமாக இருந்து, வேறிடத்தில் தாராளமாகப் பேசுபவருக்குப் பொருந்தாது. மலையூர்ப் பெண்ணின் பக்கத்திலிருந்து டேக் போய்விட்டது. நான் கேட்டது அத்தனையும் கிடைத்திருந்தது. கீழே அவள் பெயர். அழகாகச் சொன்னீர்கள் என்று அந்தப் பொறுப்பாளர் அவளைப் பாராட்டியிருந்தார்.

“பாத்தியா? நம்ம டெஃபினிஷன் ஏத்துக்கிட்டாங்கபா!” என்று என் தோளைத் தட்டினாள். “நேத்து ட்ரெயின்லயே யோசிச்சு போன்ல அனுப்பிட்டேன். நீ சொன்னதுதான், நான் சும்மா ஒழுங்கா எழுதுனேன்.”

நம்ம. அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக அவளால் சொல்ல முடிந்தது. பொய்யும் இல்லை. அவள் திருடியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். உதவி செய்தவளோடு எப்படிச் சண்டை போடுவது? அதைக் கொண்டாட அவள் தந்த கேக் துண்டைத் தின்றேன். அந்த இரண்டு வரியில் ஒரு தப்பாவது கிடைக்குமா என்று மத்தியானம் முழுக்கத் தேடினேன். நல்ல வரிகள். ஒரு ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை.

அதற்குப் பிறகு அவள் சிரித்தாலும் எனக்குக் கசந்தது. புது டேக் எழுதினாலும் கசந்தது. அவள் ஒருநாள் லீவு போட்டால் அன்று மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அப்படி ஒரு லீவு நாளில்தான் ‘பொறாமை’ என்ற டேக்கின் விளக்கத்தைத் திறந்து பார்த்தேன். யாரோ எப்போதோ எழுதியது. தான் விரும்பும் ஆணையோ பெண்ணையோ இன்னொருவர் நெருங்கினால் கோபப்படுபவர். அவ்வளவுதான். காதலைத் தவிர வேறு எதற்குமே உலகத்தில் யாரும் பொறாமைப்பட்டதில்லை போல.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் அந்த வெப்சைட்டில் யாரும் இருக்க முடியாது.

பஸ்ஸில் யோசிக்கவில்லை. அகராதி பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நல்லது செய்த ஒருவரிடம் இருக்கும் திறமை தனக்கு வேண்டும் என்று நினைப்பவர், அந்த நல்லதுக்காகவே அவரை மன்னிக்க முடியாதவர், வெளியே சிரித்துக்கொண்டிருப்பவர். இங்கிலீஷ் கோணல்மாணலாகத்தான் இருந்தது. எந்தப் பாத்திரங்களுக்குப் பொருந்தும் என்று ஐந்து உதாரணங்களும், எந்தக் காட்சியில் தெரிகிறது என்றும் கீழே போட்டேன்.

நாளைக்கு அவள் வருவாள். திறந்தவுடன் படிப்பாள். புரிந்துகொள்ளவும் செய்வாள், அவள் கெட்டிக்காரி. திருத்திக் கொடுக்கவா என்றுகூடக் கேட்கலாம்.

வாக்கியம் புரியாவிட்டால் கேள்வியை என்னிடமே கேளுங்கள், திருத்துவதும் நானாகவே இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, என் பெயரைப் போட்டு, அனுப்பிவிட்டேன்.