அத்தை இருந்த நிலை

பொருளுக்கு மூன்று நிலை என்று ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்: திடம், திரவம், வாயு. மனுசருக்கு எத்தனை நிலை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார்.

ஐந்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா முடிவு செய்திருந்தார். மேலே படிக்க ஏற்காட்டில் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு?" என்றார், தீர்ந்தது கதை. நான் அழுது பார்த்தேன், அம்மா முறைத்தாள். புருசனை இழந்து எங்கள் ஊட்டோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, "படிக்கட்டுமே தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் பேச்சை எங்கள் ஊட்டுக் கோழிகூட மதிக்காது.

அந்த வாரம்தான் வாழவந்திக்கு மேலே எங்கள் பங்காளிகள் கும்பிடும் குகைச் சாமிக்கு நோம்பித் திருவிழா. அத்தை விரதம் இருந்தாள். பட்டப்பகலிலேயே பனி இறங்கி, பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. மேளம் மட்டும் கேட்டது.

"டேய்!"

ஆம்பளைக் குரல். மேளம் நின்றுவிட்டது. பனிக்குள்ளிருந்து வந்தது அத்தை. சேலை வேர்வையில் நனைந்திருந்தது, கண் நிலைகுத்தியிருந்தது, கை வெடவெடவென்று நடுங்கியது. ஐயோ, அவள் நேராக அப்பாவிடம் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

"இந்தப் புள்ளையப் படிக்க வெப்பியாடா, மாட்டியாடா?"

அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வெக்கறனுங்க சாமி! ஹாஸ்டல்ல சேத்தறனுங்க!"

"எனக்கு இனிப்பு குடு" என்றது குரல்.

தாம்பாளம் நிறைய வெல்லம் வந்தது. அத்தை கையை நீட்டினாள். சாமியல்லவா கேட்டது! அவளைத் தாண்டிக் குகைக்குள் கொண்டுபோய், கல்லுக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். நீட்டிய கை நீட்டியபடி அத்தை கட்டை மாதிரி சாய்ந்தாள்.

"அருள் நிலையில இருக்குது, ஆரும் தொடாதீங்க" என்றார் பூசாரி.

நோம்பி பார்க்க வந்திருந்த எங்கள் ஊர் நர்ஸம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அருளுமில்ல ஒண்ணுமில்லீங்க, சக்கரை எறங்கி மயக்க நிலைக்குப் போயிட்டாங்க!" பையிலிருந்த குளுக்கோஸைக் குழைத்து அத்தையின் கன்னத்துக்குள் தடவினார். எவ்வளவு நேரமோ, அத்தை கண்ணைத் திறந்தாள்.

"ஏனுங்கம்மா, வருசக்கணக்கா சக்கரை ஊசி போடறீங்க. ஊசியப் போட்டுக்கிட்டு ஆராச்சும் பட்டினி கெடப்பாங்களா? இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா உசுரே போயிருக்கும்."

"மறந்துட்டனுங்க" என்றாள் அத்தை. அவளுடைய பழைய மெல்லிய குரல்தான்.

மலை இறங்கிய ஜீப்பில் பின்னால் அவளோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். சில்லிட்டிருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, முன்னால் இருந்த அப்பாவுக்குக் கேட்காமல் கேட்டாள்:

"கண்ணு, உங்கப்பன் என்ன சொன்னான்?"

"சேத்தறேன்னு சொன்னாருங்க அத்தை."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

அருள் வந்தவர்களுக்குத் தாம் பேசியது எதுவும் நினைவிருக்காது என்பார்கள் எங்கள் ஊரில். பின்னே அப்பாவிடம் கேட்டது மட்டும் அத்தைக்கு எப்படி நினைவிருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஹாஸ்டலுக்குப் புதுத் தகரப்பெட்டி வாங்கித் தருவார்களா என்பதுதான் என் கவலை.